வானியல் படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டும்போது நிறங்களைப் பற்றி எவ்வளவு சொல்ல வேண்டும்?

விண்நோக்கி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வானியல் ஆர்வலர் குழு ஒன்றின் சார்பில் பொதுமக்களுக்கான படக்காட்சியை அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஹபிள், ஜேம்ஸ் வெப் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்த படங்களையும், கோள்களுக்குச் சென்ற விண்கலங்கள் அனுப்பிய படங்களையும், எங்கள் உறுப்பினர்கள் எடுத்த சில படங்களையும் பெரிய அளவில் அச்சிட்டு வைக்க இருக்கிறோம். அதே மாலையில் தொலைநோக்கி வழியாக வானத்தையும் காட்டுவோம்.

இவை இரண்டும் அருகருகே வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஓரியன் நெபுலாவின் (விண்வெளியில் உள்ள வாயு, தூசித் திரளின்) அச்சுப்படத்தில் செம்மையும் நீலமும் நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தொலைநோக்கியில் கண்ணை வைப்பவருக்கு, அங்கே சாம்பல் நிறத்தில் மெல்லிய புகைத்திட்டு ஒன்றுதான் தெரிகிறது. "அப்படியானால் அந்தப் படம் பொய்யா?" என்று அவர் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. "நிறம் பிறகு சேர்க்கப்பட்டது" என்று ஒரு வரியில் சொன்னால், அவர் எல்லாமே வரைந்து வைத்தவை என்ற எண்ணத்தோடு போய்விடுகிறார். முழுமையாக விளக்கத் தொடங்கினால், பின்னால் வரிசையில் நிற்பவர்களின் பொறுமை தீர்ந்துவிடுகிறது.

உண்மைக்கு மாறாமல், அதே நேரத்தில் படத்தின் மீதான வியப்பையும் கெடுக்காமல் இதை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு படத்தின் கீழும் எவ்வளவு எழுதுவது? இந்தப் படங்களை அச்சிட்டுக் காட்ட அனுமதி பெற வேண்டுமா என்பதையும் தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

வடமீன் எழுதியது:

உங்கள் பார்வையாளர் கேட்கும் கேள்விக்குள் "நேரில் பார்த்தால் எப்படி இருக்கும்" என்ற இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. முதலில் அதற்கு விடை சொல்லிவிட்டால் மற்றவை எளிதாகிவிடும். மங்கிய ஒளியில் நம் கண்ணில் வேலை செய்யும் செல்களுக்கு நிறத்தைப் பிரித்தறியும் திறன் இல்லை; நிறத்தை உணரும் செல்களுக்கு அதைவிட அதிக ஒளி தேவை. அதனால்தான் நெபுலாக்கள் தொலைநோக்கியில் சாம்பலாகத் தெரிகின்றன. பெரிய தொலைநோக்கியில் ஓரியன் நெபுலாவின் நடுப்பகுதி லேசான பச்சையாகத் தெரிவதாகப் பலர் கூறுவார்கள். ஆக்சிஜன் வெளியிடும் 501 நானோமீட்டர் ஒளி கண்ணின் உணர்திறன் மிகுந்த பகுதியில் விழுவதே அதற்குக் காரணம்.

இன்னொன்றையும் நான் தவறாமல் சொல்வதுண்டு. விண்கலத்தில் ஏறி நெபுலாவின் அருகிலேயே போனாலும் அது பிரகாசமாகிவிடாது. அருகில் செல்லச் செல்ல அது வானத்தில் பெரிதாக விரியும். ஆனால் அதன் பரப்பில் ஒவ்வொரு சிறு பகுதியும் முன்பு இருந்த அளவு பிரகாசத்தோடுதான் இருக்கும். ஆகவே, "நேரில் இப்படித் தெரியாது" என்பது படத்தின் குறையல்ல, நம் கண்ணின் எல்லை. மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்துவைக்கும் வல்லமை கேமராவின் உணரிக்கு உண்டு, கண்ணுக்கு இல்லை. இதைக் கேட்ட பிறகு பெரும்பாலானோர் ஏமாற்றம் நீங்கித் தொலைநோக்கியில் இரண்டாம் முறை கண்ணை வைக்கிறார்கள்; அப்போது முதல் முறை பார்த்ததைவிட அதிகம் பார்க்கிறார்கள்.

அடுத்தது நிறம் எங்கிருந்து வருகிறது என்பது. ஹபிளின் உணரிகள் ஒவ்வொரு முறையும், குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் விடும் ஒரு வடிகட்டியின் வழியாக வரும் ஒளியின் அளவை மட்டுமே பதிவு செய்கின்றன. அதாவது கையில் கிடைப்பது கறுப்பு வெள்ளைப் படங்களின் தொகுதி. 1995இல் ஹபிள் எடுத்த, வாயுவும் தூசியும் தூண்களாக நிற்பதால் "படைப்பின் தூண்கள்" என்று பெயர்பெற்ற கழுகு நெபுலாப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அயனியாக்கப்பட்ட (எலக்ட்ரானை இழந்த) கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜனின் ஒளிக்குப் பச்சையும், ஆக்சிஜனின் ஒளிக்கு நீலமும் அதில் கொடுக்கப்பட்டன. ஹைட்ரஜனின் அந்த ஒளி 656 நானோமீட்டர், கந்தகத்தினுடையது ஏறத்தாழ 672 நானோமீட்டர். கண்ணுக்கு இரண்டுமே சிவப்புதான். இரண்டையும் சிவப்பாகவே விட்டிருந்தால் எந்தத் தனிமம் எங்கே ஒளிர்கிறது என்பது படத்தில் தெரியாமல் போயிருக்கும். ஒன்றைப் பச்சைக்கு மாற்றியதால், வாயு எங்கே அதிகமாக அயனியாகிறது, தூணின் விளிம்பில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் பார்த்தவுடன் புலப்படுகின்றன. அங்கே நிறம் தகவலைச் சுமந்து நிற்கிறது.

வெப் தொலைநோக்கி பதிவு செய்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அதன் படங்களில் பொதுவாகக் குறுகிய அலைநீளத்துக்கு நீலம், நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பு என்ற வரிசை பின்பற்றப்படுகிறது. கண் உணரும் ஒளியில் இருக்கும் அதே வரிசைதான் அது. முழுத் தொகுதியும் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்குள் நகர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவே. 2022இல் வெளியான வெப்பின் தூண்கள் படத்தை 1995இன் ஹபிள் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அகச்சிவப்பு ஒளி தூசியை ஓரளவு ஊடுருவி வருவதால் தூண்கள் மெலிந்து, பின்னால் மறைந்திருந்த விண்மீன்கள் வெளிப்படும். அந்த இரண்டு படங்களும் பக்கத்தில் இருந்தால் விளக்கத்தில் பாதியை அவையே சொல்லிவிடும்.

படத்தில் கைவைக்கப்படும் இன்னோர் இடம் ஒளி அளவு. மூலப் பதிவில் ஒவ்வொரு பிக்சலும் 65,536 படிநிலைகளில் ஒன்றாக இருக்கக்கூடும். சாதாரணத் திரையோ ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகளைத்தான் காட்டும். நெபுலாவின் மங்கிய பகுதிகள் எல்லாம் அடிமட்டத்தில் நெருங்கிக் கிடப்பதால், மூலப் பதிவை அப்படியே திறந்தால் கறுப்புத் திரையில் சில வெள்ளைப் புள்ளிகள்தான் தெரியும். அந்த அடிமட்டத்தை விரித்துக் காட்டுவதே செயலாக்கத்தின் பெரும்பகுதி. இல்லாததைச் சேர்ப்பது இதில் இல்லை. உங்கள் காட்சியில் ஒரு படத்துக்காவது விரிக்காத பதிவையும் சேர்த்து வையுங்கள். மூலப் பதிவுகள் ஃபிட்ஸ் என்ற வானியல் தரவு வடிவக் கோப்புகளாக, விண்வெளித் தொலைநோக்கித் தரவுகளைச் சேமிக்கும் மிகுல்ஸ்கி ஆவணக்காப்பகத்தில் எவரும் தரவிறக்கும்படி இருக்கின்றன.

நிழல்மானி எழுதியது:

வடமீன் அவர்கள் நெபுலாக்களைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கோள்களின் விஷயம் சற்று வேறு. கோள்கள் சூரிய ஒளியைப் பிரதிபலிப்பவை. "அருகில் நின்று பார்த்தால் என்ன நிறம்" என்ற கேள்விக்கு அங்கே உண்மையான விடை உண்டு. அதனால் அங்கே கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

நெப்டியூன் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. வாயேஜர் 2 விண்கலம் 1989 ஆகஸ்ட் மாதத்தில் அதைக் கடந்து சென்றபோது எடுத்த படங்கள், மேகங்களும் பட்டைகளும் தெளிவாகத் தெரியும்படி கான்ட்ராஸ்டை, அதாவது ஒளி இருள் வேறுபாட்டைக் கூட்டி வெளியிடப்பட்டன. அதனால் நெப்டியூன் ஆழ்ந்த நீலமாகத் தெரிந்தது. இப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பது அன்றைய படக்குறிப்புகளிலேயே இருந்தது. அறிவியலாளர்கள் எதையும் மறைக்கவில்லை. ஆனால் அடுத்தடுத்த பதிப்புகளிலும் சுவரொட்டிகளிலும் பாடப்புத்தகங்களிலும் படம் மட்டும் பயணம் செய்தது, குறிப்பு உதிர்ந்துவிட்டது. யுரேனஸ் வெளிர் பச்சை, நெப்டியூன் கருநீலம் என்று ஒரு தலைமுறையே படித்து வளர்ந்தது. 2024 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் இர்வின் குழு, ஹபிளும், ஐரோப்பிய தெற்கு வானாய்வகத்தின் "மிகப்பெரிய தொலைநோக்கி" (VLT) என்ற பெயருள்ள தொலைநோக்கியும் எடுத்த நிறமாலைத் தரவுகளைக் கொண்டு நிறத்தை மீண்டும் கணக்கிட்டுக் காட்டியது: இரண்டு கோள்களும் கிட்டத்தட்ட ஒரே பசுநீல நிறம்தான், நெப்டியூனில் நீலம் சிறிதளவே கூடுதல். முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு கோளின் நிறம் பொதுமக்களிடம் தவறாக இருந்ததற்குக் காரணம், படத்தோடு போயிருக்க வேண்டிய ஒன்றிரண்டு வரிகள் போகாததுதான்.

செவ்வாயிலும் இதே போன்ற வரலாறு உண்டு. 1976 ஜூலையில் வைக்கிங் 1 தரையிலிருந்து அனுப்பிய முதல் வண்ணப்படம் முதலில் வெளியானபோது வானம் நீலமாக இருந்தது. நிற அளவீட்டைச் சரிசெய்த பின் அது வெளிறிய இளஞ்சிவப்பு வானம் என்று தெரிந்து, திருத்திய படம் வெளியிடப்பட்டது. இப்போது கியூரியாசிட்டி ஊர்தியின் படங்கள் சில வேளைகளில் இரண்டு வடிவங்களில் வருகின்றன. ஒன்றில் செவ்வாயின் தூசி படிந்த ஒளியில் காட்சி எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். மற்றொன்றில், பூமியின் பகல் ஒளியில் வைத்துப் பார்ப்பதுபோல வெண்மைச் சமநிலை திருத்தப்பட்டிருக்கும். தாங்கள் பூமியில் பார்த்துப் பழகிய பாறைகளோடு ஒப்பிட நிலவியலாளர்களுக்கு அந்த இரண்டாவது வடிவம் வேண்டும். இரண்டும் சரியானவையே. எது எந்த வகை என்று எழுதாமல் வைத்தால் இரண்டுமே பார்ப்பவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியே இல்லாத படங்களும் இருக்கின்றன. 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான, எம்87 என்ற விண்மீன்பேரடையின் மையத்தில் உள்ள கருந்துளையின் படம் 1.3 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலைகளால் ஆனது. அதன் ஆரஞ்சு நிறம் முழுக்க முழுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ரேடியோ அலை எங்கே வலுவாக வருகிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. ஆனால் அந்த வளைய வடிவம் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டதல்ல. நான்கு குழுக்கள் ஒன்றோடொன்று கலந்து பேசாமல் தனித்தனியே தரவிலிருந்து படம் அமைத்து, நான்கிலும் அதே வளையம் வந்த பிறகுதான் அதை நம்பினார்கள். இதை நான் எந்தக் கூட்டத்திலும் விடாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிறம் தேர்வு என்று கேட்டவுடன் "எல்லாமே கற்பனை" என்று முடிவு கட்டுபவருக்கு, படத்தில் எது தேர்வு, எது அளவீடு என்று பிரித்துக் காட்ட இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை: குறிப்பை நீளமாக எழுதுவதைவிட, குறிப்பும் படமும் பிரிய முடியாதபடி செய்வதுதான் முக்கியம். தனி அட்டையில் எழுதிப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். வருபவர்கள் கைப்பேசியில் படத்தை மட்டும் பிடித்து அனுப்புவார்கள். அது எங்கெங்கோ போகும். படத்தின் அடியில் ஒரு பட்டையாக, அச்சின் பகுதியாகவே அது இருக்கட்டும்.

கதிரொளி எழுதியது:

அனுமதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாசாவின் சொந்தப் படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை; கல்விக்காகவும் காட்சிக்காகவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் நாசாவின் சின்னத்தைப் பயன்படுத்துவதற்குத் தனி விதிகள் உண்டு. உங்கள் நிகழ்ச்சியை நாசா ஆதரிப்பதுபோல் தோற்றம் தரக்கூடாது. ஐரோப்பிய தெற்கு வானாய்வகத்தின் படங்களும், ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹபிள், வெப் தளங்களில் உள்ள படங்களும் பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தில் வருகின்றன. அங்கே தரப்பட்டிருக்கும் நன்றிக் குறிப்பை முழுமையாக, படிக்கும்படி அச்சிட வேண்டும் என்பதே நிபந்தனை.

பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. 1995 ஜூன் முதல் நாள்தோறும் வெளிவரும் "அன்றைய வானியல் படம்" பக்கம் நாசாவின் தளத்தில் இருப்பதால் அதிலுள்ள எல்லாப் படங்களும் பொதுவுடைமை என்று நினைத்துவிடுகிறார்கள். அவற்றில் பல, தனிப்பட்ட ஒளிப்படக் கலைஞர்களுக்கு உரிமையானவை. அவர்களுக்கு எழுதிக் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

அலைநீளம் எழுதியது:

மேலே உள்ள எல்லாமே பார்க்க முடிந்தவர்களைப் பற்றியவை. படக்காட்சிக்குப் பார்வையற்றவர்களும் வருவார்கள், குறைபார்வை உள்ளவர்களும் வருவார்கள். அவர்களுக்காகவும் இப்போதே திட்டமிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2022 ஜூலையில் வெப்பின் முதல் படங்கள் வெளியானபோது, ஒவ்வொன்றுக்கும் திரைவாசிப்பான்கள் படிக்கும்படி நுணுக்கமான எழுத்து விவரிப்பு சேர்க்கப்பட்டிருந்தது: எந்த மூலையில் என்ன இருக்கிறது, எங்கே நிறம் மாறுகிறது, விண்மீன்களின் கதிர்முனைகள் எப்படி நீள்கின்றன என்று பொறுமையாக எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்ட விவரிப்பைத் தமிழில் எழுதி, யாரேனும் அருகில் நின்று வாசிக்கும்படி செய்யலாம். எழுதிப் பார்த்தால், பார்வையுள்ளவர்களும் கவனிக்காமல் விட்ட பலவற்றை அது சுட்டிக்காட்டும். வெப் படங்களில் பிரகாசமான விண்மீன்களிலிருந்து ஆறு பெரிய கதிர்களும் இரண்டு சிறிய கதிர்களும் நீள்வது தொலைநோக்கியின் ஆடி வடிவத்தாலும் தாங்கு கம்பிகளாலும் உண்டாவது, விண்மீனில் அப்படி எதுவும் இல்லை என்பதை நான் விவரிப்பு எழுதும்போது சேர்ப்பதுண்டு.

ஒலிவடிவங்களும் கிடைக்கின்றன. சந்திரா எக்ஸ்கதிர்த் தொலைநோக்கிக் குழு படத்தரவுகளை ஒலியாக மாற்றித் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. ஆனால் நிழல்மானி அவர்கள் சொன்ன அதே எச்சரிக்கை ஒலிக்கும் பொருந்தும். 2022இல் வெளியான பெர்சியஸ் விண்மீன்பேரடைத் திரளின் ஒலி, அங்குள்ள வாயுவில் பரவும் அழுத்த அலைகளை 57, 58 ஸ்தாயிகள் மேலே உயர்த்தி உருவாக்கப்பட்டது. அந்தத் தகவல் விடுபட்டு, "கருந்துளையின் உண்மையான ஒலி" என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது.

இன்னொரு வேண்டுகோள். பார்ப்பவர்களைப் பார்வையாளர்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வியாழனைச் சுற்றிவரும் ஜூனோ விண்கலத்தின் கேமரா எடுக்கும் மூலப் படங்கள் பொதுவில் வைக்கப்படுகின்றன. நாம் இன்று பார்க்கும் வியாழன் மேகப் படங்களில் பலவற்றைச் செயலாக்கியவர்கள் தன்னார்வலர்கள்தான். பொதுமக்கள் பங்கேற்கும்படி 2007இல் தொடங்கிய கேலக்ஸி ஸூ திட்டத்தில் விண்மீன்பேரடைகளின் வடிவங்களை வகைப்படுத்திக்கொண்டிருந்த ஹானி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, ஒரு படத்தில் தெரிந்த விசித்திரமான ஒளித்திட்டு என்னவென்று கேட்டார். அது ஒரு விண்மீன்பேரடையின் மையத்திலிருந்து முன்பு வந்த கதிர்வீச்சால் ஒளிரும் வாயுத்திரள் என்று பின்னர் தெரிந்தது. படத்தைக் கேள்வியோடு பார்த்ததால் நடந்தது அது. உங்கள் காட்சியில் ஒரு மேசையில் கணினியை வைத்து, மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களைக் கொடுத்து, எந்தப் படத்துக்கு எந்த நிறம் என்று வருபவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். உங்கள் முதல் கேள்விக்கான விடை அந்த மேசையிலேயே கிடைத்துவிடும்.

விண்நோக்கி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பட்டையை அச்சின் பகுதியாக்குவதையும் கணினி மேசையையும் உடனே திட்டத்தில் சேர்த்துவிட்டேன். உறுப்பினர்கள் எடுத்த படங்கள் குறித்து மட்டும் ஓர் ஐயம் மீதமிருக்கிறது. ஒருவர் பால்வெளியை ஒரு நேரத்திலும் முன்னிலத்து மலையை இன்னொரு நேரத்திலும் எடுத்து இணைத்திருக்கிறார். இன்னொருவர் இரைச்சலை நீக்கவும் கூர்மையைக் கூட்டவும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தியிருக்கிறார். இரண்டுமே அழகான படங்கள். இவற்றைத் தொலைநோக்கிப் படங்களோடு ஒரே வரிசையில் வைக்கலாமா?

வடமீன் எழுதியது:

முதல் படத்தை வைக்கலாம், இணைக்கப்பட்டது என்று எழுதிவிட்டு. அதிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது: ஒரே இடத்தில் நின்று, கேமராவை அதே திசையில் வைத்து, வானத்துக்கும் நிலத்துக்கும் தனித்தனி ஒளிப்பதிவு எடுத்து இணைத்தால், அந்தக் காட்சி உண்மையில் அங்கே இருந்தது. வேறோர் இடத்து வானத்தைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தால், அல்லது நிலவைத் தனியே பெரிதாக எடுத்து மலைக்குப் பின்னால் வைத்திருந்தால், அப்படியொரு காட்சி எப்போதும் நிகழவில்லை. அது கலைப்படைப்பாக மதிக்கத்தக்கதாக இருக்கலாம். ஆனாலும் வானியல் படங்களின் வரிசையில் அதற்கு இடமில்லை என்பது என் கருத்து. உறுப்பினரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலானோர் மறைக்காமல் சொல்வார்கள்.

இரண்டாவது படத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது. கருவி கூர்மையாக்கிக் காட்டும் நுண்விவரம், அதே பொருளை வேறொருவர் வேறு தொலைநோக்கியால் எடுத்த படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சரி. இல்லையென்றால், கருவி தான் முன்பு கற்ற வேறு படங்களிலிருந்து எடுத்து வரைந்த கோடு அதுவாக இருக்கக்கூடும். வடிகட்டியால் பிரிப்பதும், படிநிலைகளை விரிப்பதும், பல பதிவுகளை அடுக்கிச் சராசரி எடுப்பதும் உணரியில் விழுந்த ஒளியை மட்டுமே வைத்துச் செய்யப்படுபவை. இந்தக் கருவிகளில் சில அந்த எல்லையைத் தாண்டிவிடுகின்றன.

ஆர்வலர்களின் படங்களைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. ஆண்ட்ரோமெடா விண்மீன்பேரடைக்கு அருகில் வானத்தில் பெரிதாகப் பரந்து கிடக்கும் ஆக்சிஜன் ஒளி வில்லை 2022இல் கண்டறிந்தவர்கள் ஆர்வலர் குழுவினர்தான். அத்தனை காலம் எல்லோரும் படமெடுத்த அதே பகுதியில், நீண்ட நேரம் ஆக்சிஜன் வடிகட்டி வழியாக ஒளியைச் சேர்த்ததால் அது வெளிப்பட்டது. தங்கள் கண்டுபிடிப்பை அவர்கள் உடனே நம்பிவிடவில்லை. வேறு இடங்களிலிருந்து வேறு கருவிகளால் எடுத்த படங்களிலும் அது இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே அறிவித்தார்கள்.

பட்டையில் என்ன எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன், உறுப்பினர் படம், ஹபிள் படம் இரண்டுக்கும் இதே வடிவத்தைப் பயன்படுத்துங்கள்: "கழுகு நெபுலா. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி, 1995. மூன்று வடிகட்டிகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களின் இணைப்பு. சிவப்பு: கந்தகம், பச்சை: ஹைட்ரஜன், நீலம்: ஆக்சிஜன். தொலைநோக்கியில் கண்ணால் பார்த்தால் சாம்பல் நிறமாகத் தெரியும்." அதன் கீழே நன்றிக் குறிப்பு. சமூக ஊடகங்களில் இதே படங்களைப் பகிரும்போது கோப்புக்குள் பதிந்த தகவலை நம்பியிருக்க வேண்டாம். பதிவேற்றும்போது பல தளங்கள் அதை நீக்கிவிடுகின்றன. பட்டை படத்திலேயே இருக்கட்டும்.